குட்டியின் வயிறும் ஓர் எருக்குழிதான்

செடிக்குச் சோறு போடாதே, மண்ணுக்குப் போடு. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் செடிக்குச் சமைத்துக் கொடுக்கும். இயற்கை வேளாண்மைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லப்படுகிற முதல் பாடம் இதுதான். வயலில் இந்தப் பாடத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கிற நாமே, ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம். குட்டி மெலிஞ்சிருக்கா, ஒரு கை மக்காச்சோளம் கூடப் போடு. கழியுதா, மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடு. யூரியாவை வீசிப் பயிரைப் பச்சையாக்குகிற அதே வேலையைத்தான் குட்டி வயிற்றில் செய்கிறோம்.

இருக்கன்குடியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் ஆடு என்பது ரொக்கப் பணம். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இடம் என்றாலும், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் மானாவாரி நிலம்தான். கம்பு, சோளம், மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி எல்லாமே வானத்தை நம்பி இருக்கு. மழை பொய்த்த வருஷம் வெள்ளாமை கைவிட்டாலும் ஆடு கைகொடுக்கும். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூரின் பேரைத் தாங்கிய வேம்பூர் செம்மறி இந்தக் காட்டுக்கென்றே அமைந்த இனம். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு இருக்கும். வளர்ந்த கிடா சுமார் 35 கிலோ, பெட்டை 28 கிலோ வரும். பத்துப் பெட்டை வைத்திருப்பவருக்கு ஈற்றுக்குப் பத்துக் குட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு செத்துப்போனால் ஐந்தில் ஒரு பங்கு வருமானம் போச்சு. சாகாமல் வத்தலாக நிற்கிற குட்டியும் நஷ்டம்தான். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் வயிற்றுக்குள் இருக்கு.

நாலு அறை உண்டு, பிறக்கும்போது ஒன்றுதான் வேலை செய்யும்

ஆட்டின் இரைப்பைக்கு நாலு அறை. முதலாவது அசையூண் வயிறு. கறிக்கடையில் துண்டு மாதிரி சொரசொரப்பாக இருப்பது இதுதான். இரண்டாவது தேன்கூடு போன்ற வயிறு, மூன்றாவது புத்தகம் போல ஏடு ஏடாக இருப்பது, நாலாவது உண்மை வயிறு. நம்ம இரைப்பை மாதிரி அமிலம் சுரந்து செரிப்பது இந்த நாலாவது அறை மட்டும்தான்.

வளர்ந்த ஆட்டில் நாலு அறையில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட அசையூண் வயிறே அடைத்துக்கொண்டிருக்கும். பிறந்த குட்டியில் இது தலைகீழ். உண்மை வயிறுதான் பெரிசு. அசையூண் வயிறு சுருங்கிப்போன பை மாதிரி கிடக்கும். குட்டி பால் குடிக்கும்போது உணவுக்குழலின் முடிவில் ஒரு மடிப்பு குழாய் மாதிரி மூடிக்கொண்டு, பாலை நேராக உண்மை வயிற்றுக்கு அனுப்பிவிடும். கழுத்தை நீட்டி, காம்பைச் சப்பிக் குடிக்கும்போது இந்த மடிப்பு நன்றாக வேலை செய்யும். பாலை வாயில் வேகமாக ஊற்றினால் சரியாக மூடாது. பால் அசையூண் வயிற்றில் விழுந்து புளித்துக் கெட்டுப்போகும். தாயில்லாக் குட்டிக்கு ரப்பர் காம்பு வைத்த பாட்டிலில் வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆக, பிறந்த குட்டி அசை போடும் பிராணியே இல்லை. அதை அசை போடும் பிராணியாக மாற்றுவது வெளியே இருந்து வந்து குடியேறுகிற நுண்ணுயிர்கள்.

யார் யார், எப்போது குடிவருகிறார்கள்?

தாயின் மடி, தாய் நக்கும் எச்சில், பட்டி மண், புழுக்கை, குட்டி கடித்துப் பார்க்கிற புல், காற்று எல்லா வழியிலும் நுண்ணுயிர் உள்ளே போகுது. பிரான்சில் ழெரார் ஃபோந்தி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1980களில் செம்மறிக் குட்டிகளில் இதை நாள் வாரியாகப் பார்த்தார்கள். நாரைச் செரிக்கிற பாக்டீரியா பிறந்து 3, 4 நாளிலேயே வந்துவிடுகிறது. குட்டி இன்னும் புல்லே தின்னவில்லை, அதற்குள் சமையல்காரர் வந்து அடுப்படியில் உட்கார்ந்தாச்சு. 8 முதல் 10 நாளில் பூஞ்சைகள் தலைகாட்டின.

புரோட்டோசோவா என்னும் ஓரணு உயிர்கள் அதற்கும் பிந்தி வருபவை. அவை பெரிய ஆடுகளின் எச்சில் வழியாகத்தான் வந்து சேரும். பெரிய ஆடுகளோடு சேராமல் தனியாக வளர்க்கப்படும் குட்டிக்கு அவை வருவதே இல்லை.

பூஞ்சை என்றதும் ஒரு செய்தி. காற்றில்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்றுதான் விஞ்ஞானிகள் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1975இல் இங்கிலாந்தில் காலின் ஆர்பின் என்பவர், செம்மறியாட்டின் அசையூண் வயிற்றில் நீந்திக்கொண்டிருந்த சில உயிர்கள் பூஞ்சையின் வித்துகள்தான் என்று காட்டினார். காற்றில்லாமல் வாழும் பூஞ்சை உலகத்துக்குத் தெரிய வந்ததே செம்மறி வயிற்றிலிருந்துதான். காய்ந்த சோளத்தட்டை மாதிரி கடினமான நாருக்குள் வேர்விட்டுப் பிளந்து, பாக்டீரியாவுக்கு வழி திறந்து விடுவது இந்தப் பூஞ்சையின் வேலை.

வளர்ந்த ஆட்டின் அசையூண் சாற்றில் ஒரு மில்லியில் மட்டும் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கும். நாம் தொட்டியில் ஜீவாமிர்தம் கலக்கி இரண்டு நாள் வைத்து நுண்ணுயிரைப் பெருக்குகிறோமே, ஆடு அதை 39 டிகிரி சூட்டில் நாள் முழுக்க வயிற்றுக்குள்ளேயே செய்துகொண்டிருக்கு.

அவர்கள் செய்கிற வேலை

நாரைச் செரிக்கும் நொதி ஆட்டின் உடம்பில் கிடையாது. நுண்ணுயிர்தான் நாரையும் மாவுச்சத்தையும் புளிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்ற சிறு அமிலங்களாக மாற்றுகிறது. ஆட்டுக்குக் கிடைக்கிற சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த அமிலங்களிலிருந்துதான் வருது.

இரண்டாவது, புரதம். பெருகின நுண்ணுயிர் தீனியோடு சேர்ந்து நாலாவது அறைக்கு இறங்கும்போது அங்கே அவையே செரிக்கப்பட்டுப் புரதமாகின்றன. ஆடு தின்பது தட்டை, ஆனால் உடம்பில் ஏறுவது பெரும்பாலும் நுண்ணுயிரின் புரதம். மூன்றாவது, பி வகை வைட்டமின்களும் கே வைட்டமினும். இதில் பி12 உண்டாக கோபால்ட் என்ற தாது வேணும். தாது உப்புக் கட்டியைப் பட்டியில் கட்டித் தொங்கவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குட்டிக்கு மட்டும் நாலாவதாக ஒரு வேலை இருக்கு. அசையூண் வயிற்றின் உள்சுவரில் இருக்கிற மொட்டு மொட்டான காம்புகள் பிறக்கும்போது வளராமல் இருக்கும். நுண்ணுயிர் உண்டாக்குகிற அமிலம், முக்கியமாகப் பியூட்டிரிக் அமிலம், அந்தச் சுவரில் பட்டால்தான் அவை நீண்டு வளரும். வளர்ந்தால்தான் சத்தை உறிஞ்ச முடியும். கொஞ்சம் தானியம் இந்த மொட்டுகளை வளர்க்கும். நார்த்தீனி பையைப் பெரிதாக்கும், தசையை உரமாக்கும். இரண்டும் வேணும். மூன்று மாசம் வரை பாலிலேயே வளர்ந்த குட்டி பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும். பாலை நிறுத்தினதும் சட்டென்று வத்திப்போகும். வயிறு தயாராகாமல் பால் நின்றதுதான் காரணம்.

முதல் 60 நாள்

*முதல் நாள்:* பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போயிருக்கணும். இரண்டரைக் கிலோ குட்டிக்குக் கால் லிட்டர். சீம்பாலில் இருக்கிற நோய் எதிர்ப்புச் சத்து குட்டியின் குடல் வழியே உடம்பில் ஏறுவது முதல் நாளோடு முடிந்துவிடும். கெட்ட கிருமி முந்திக்கொள்வதற்குள் இந்தக் காவல் வேணும். தாயின் மடியைத் தண்ணீரால் துடைத்துவிட்டாலே போதும். தாய் குட்டியை நக்குவதைத் தடுக்க வேண்டாம்.

*இரண்டாம் வாரம்:* குட்டி புல்லைக் கடித்து விளையாட ஆரம்பிக்கும். அகத்தி, வேம்பு, வெள்வேல் குழையைக் குட்டியின் மூக்கு உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மூத்திரத்தில் மிதித்துப் பாழாக்கும், கழிச்சலும் வரும். காய்ந்த கடலைக்கொடி, உளுந்தங்கொடி ஒரு கட்டு இருக்கட்டும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கணும். பால் குடிக்கிற குட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். பால் நேராக நாலாவது அறைக்குப் போய்விடுகிறது. முதல் அறை நுண்ணுயிருக்கு நீர் கிடைப்பது குடிக்கிற தண்ணீரில்தான்.

*மூன்றாம் வாரம் முதல்:* தாய் நுழைய முடியாத, குட்டி மட்டும் நுழைகிற அளவு இடைவெளி விட்டு ஒரு தடுப்பு கட்டி, உள்ளே குட்டித் தீனி வையுங்கள். உடைத்த கம்பு அல்லது சோளம் அல்லது மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 30 கிலோ, உளுந்து அல்லது பாசிப் பொட்டும் தவிடும் சேர்த்து 27 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, உப்பு 1 கிலோ என்று 100 கிலோவுக்குக் கலக்கலாம். ஒரு பிடியில் ஆரம்பித்து, குட்டிக்கு நாளொன்றுக்கு 50 கிராம், பிறகு 100 கிராம் என்று படிப்படியாக ஏற்றுங்கள். பூசணம் பிடித்த பிண்ணாக்கு மட்டும் கூடவே கூடாது. குட்டியின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் இருக்கும்.

*எட்டாம் வாரம்:* அசையூண் வயிறு பெரிய ஆட்டின் அளவு விகிதத்துக்கு வந்திருக்கும். குட்டி நன்றாக அசை போடுகிறதா, தீனியைத் தொடர்ந்து தின்கிறதா என்று பார்த்த பிறகே பாலை மறக்கடிக்கலாம். அதையும் ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரம் எடுத்துச் செய்யுங்கள்.

தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகும்போது குட்டிகள் பட்டியில் அடைபட்டுக் கிடப்பது வழக்கம். அது தப்பில்லை. கூடவே ஒரு வயசான பெட்டையை விட்டுப் பாருங்கள். எதைத் தின்பது என்று சொல்லிக்கொடுக்கும், தன் நுண்ணுயிரையும் பங்கு வைக்கும்.

சட்டென்று மாற்றினால் ஆபத்து

நாருக்கு ஒரு கூட்டம், மாவுக்கு ஒரு கூட்டம் என்று நுண்ணுயிரில் வகை வகையாக உண்டு. தீனி மாறினால் கூட்டமும் மாறணும். அதற்குப் பத்து, பதினாலு நாள் ஆகும். அந்த அவகாசம் கொடுக்காமல் மாற்றும்போதுதான் சாவு வருது. நம்ம பகுதியில் அடிக்கடி நடப்பது நாலு.

மக்காச்சோளமும் விழாச் சோறும். அறுத்த மக்காச்சோளக் காட்டில் உதிர்ந்த கதிரை ஆடு வயிறு முட்டத் தின்னும். ஆடிக் கடைசி வெள்ளி மாதிரி விழா நாளில் மிஞ்சின சோறும் பொங்கலும் ஆட்டுக்குக் கிடைக்கும். மாவு ஒரேயடியாக உள்ளே போனால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கூட்டம் தாறுமாறாகப் பெருகும். கார அமில நிலை 6க்கு மேல் இருக்க வேண்டியது ஐந்தரைக்கும் கீழே இறங்கும். நாரைச் செரிக்கும் கூட்டம் செத்துப்போகும். ஆடு அசை போடாது, பல்லைக் கடிக்கும், புளித்த வாடையோடு கழியும், தள்ளாடிப் படுத்துவிடும். முதலுதவியாகச் சமையல் சோடா பெரிய ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம், குட்டிக்கு 5 கிராம் தண்ணீரில் கரைத்து, தலையை மேலே தூக்காமல் மெதுவாகக் கொடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தானியத்தை நிறுத்தி, காய்ந்த தட்டை மட்டும் போடுங்கள்.

முதல் மழைப் புல்லும் துள்ளுமாரியும். கோடையில் காய்ந்த ஆடு மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை ஆவலாகத் தின்னும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சமாக, தொந்தரவு இல்லாமல் இருக்கும். செரிக்காத மாவும் சர்க்கரையும் குடல் வரை இறங்கினால் அது பெருகி நஞ்சைக் கக்கும். குட்டி துள்ளி விழுந்து சில மணி நேரத்தில் செத்துப்போகும். நிறையப் பால் குடித்த, பட்டியிலேயே நன்றாக வளர்ந்த குட்டிதான் முதலில் போகும். செய்வினை, கண்ணேறு என்று சொல்வதெல்லாம் இதைப் பார்த்துத்தான். வந்தபின் வைத்தியம் அநேகமாகப் பலிக்காது. மழைக்கு முன் தடுப்பூசி போடுவதே வழி. 1932இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரிக்கிறது. முதல் தடவை போடும்போது 15 நாள் கழித்து இன்னொரு ஊசி வேணும். பிறகு வருஷம் ஒரு தடவை. தடுப்பூசி இயற்கை வழிக்கு விரோதம் இல்லை. மழை பெய்த முதல் பத்து நாள், காலையில் கொஞ்சம் காய்ந்த தட்டையைத் தின்ன வைத்துவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுவதும் நல்ல பழக்கம்.

இளஞ்சோளம். முழங்கால் உயரச் சோளம், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பு, வெயிலில் வாடின பயிர் மூன்றிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கு. அசையூண் வயிற்று நுண்ணுயிர் அதை உடைத்து நஞ்சை வேகமாக வெளியே விடும். கூட்டாளிகளே குழி பறிக்கிற இடம் இது. பூக்கும் பருவம் வரை சோளக்காட்டில் ஆட்டை விடாதீர்கள்.

உப்புக் குப்பை. பட்டாசு செய்ய வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், பயன்படுகிறது. உப்புச் சுவை தேடும் ஆடு, கொட்டின கழிவையும் காகிதத்தையும் நக்கும். நைட்ரேட்டை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும். அது ரத்தத்தில் ஏறினால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது, காப்பி நிறமாகிவிடும். யூரியா அதிகம் போட்டு வறட்சியில் வாடின தீவனப் பயிரிலும் இதே ஆபத்து உண்டு. ஆலைக் கழிவு கொட்டுகிற இடத்தை மேய்ச்சல் பாதையிலிருந்து விலக்கி வையுங்கள். பட்டியில் உப்புக்கட்டி தொங்கினால் ஆடு கண்டதை நக்காது.

சீமைக்கருவை நெத்தைப் பற்றியும் கேட்பார்கள். சர்க்கரை உள்ள நல்ல தீனிதான். தட்டை, குழையோடு கலந்து கொஞ்சமாகக் கொடுக்கலாம். மாசக்கணக்கில் அதை மட்டுமே கொடுத்தால் கெடுதல். முழு நெத்தாகப் போட்டால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்து நம்ம காட்டிலேயே முளைக்கும். இடித்துப் போடுவது நல்லது.

மருந்துக்கு முன் ஒரு யோசனை

அசை போடத் தொடங்கின குட்டிக்கு வாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுப்பது, உயிருள்ள மண்ணில் பூச்சிமருந்து ஊற்றுவது மாதிரி. கெட்டதோடு நல்லதும் சேர்ந்து சாகும். உயிர் போகிற நோயில் மருந்து வேண்டியதுதான். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எல்லாக் கழிச்சலுக்கும் மாத்திரை வேண்டியதில்லை. குடற்புழுவா, ரத்தக்கழிச்சலா, தீனி மாற்றமா என்று தெரியாமல் கொடுப்பதில் பலனும் இல்லை. புழுக்கையைப் பரிசோதித்தாலே பாதி தெரிந்துவிடும்.

தீனி எடுக்காமல் அசை நின்றுபோன ஆட்டுக்கு, நல்ல ஆட்டின் அசையூண் சாற்றைக் கொடுப்பது உலகத்தில் பல இடங்களில் இருந்த பழைய வைத்தியம். இன்றைக்குக் கால்நடை மருத்துவர்களும் செய்கிறார்கள். சாறு சூடு ஆறாமல், காற்றுப் படாமல், நோயில்லாத ஆட்டிலிருந்து எடுத்து உடனே கொடுக்கணும். நுரையீரலில் இறங்கிவிடாதபடி குழாய் வழியே கொடுக்கத் தெரிந்தவர்தான் செய்யணும்.

சூபாபுல் சொல்லும் பாடம்

நுண்ணுயிரும் ஊர்ச்சொத்துதான் என்பதற்கு ஒரு சாட்சி. சூபாபுல் தழையில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை அதிகம் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்து வீங்கியது, வளர்ச்சி நின்றது. ஹவாய்த் தீவின் ஆடுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, ஹவாய் ஆட்டின் வயிற்றில் அந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருக்கிறது என்று கண்டு, அந்தச் சாற்றை 1980களில் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார். நஞ்சு பலிக்காமல் போனது. 1992இல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பேரையே சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். மரத்தை மட்டும் கொண்டுபோனார்கள், மரத்தோடு வாழ்ந்த நுண்ணுயிரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதுதான் அதில் இருந்த சிக்கல்.

சந்தையில் குட்டி வாங்குகிறவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அந்தக் குட்டியின் வயிற்றில் இருப்பது அது பிறந்த ஊரின் தீனிக்குப் பழகின கூட்டம். வாங்கும்போதே என்ன தின்றது என்று கேளுங்கள். முடிந்தால் அதே தட்டை ஒரு கட்டு சேர்த்து வாங்கி வாருங்கள். முதல் இரண்டு நாள் தண்ணீரும் காய்ந்த தட்டையும் மட்டும். பிறகு நம்ம தீனியைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று இரண்டு வாரத்தில் மாற்றுங்கள். நோய் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நம்ம பெரிய ஆடுகளோடு சேர்த்து விடுங்கள்.

தினமும் பார்க்க வேண்டிய மூன்று

சாயங்காலம் பட்டியில் படுத்திருக்கும் ஆடுகளில் பாதிக்கு மேல் அசை போடுகிறதா? புழுக்கை உருண்டையாக, தனித்தனியாக விழுகிறதா? இடப்பக்க விலாவில் உள்ளங்கையை வைத்தால் அசையூண் வயிறு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை புரளுவது தெரிகிறதா? மூன்றும் சரி என்றால் உள்ளே சமையல் ஒழுங்காக நடக்குது. ஒன்று தப்பினாலும், முந்தின நாள் தீனியில் என்ன மாறியது என்று முதலில் யோசியுங்கள். குட்டி மெலிந்தபின் தெரிவதை இந்த மூன்றும் பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிடும்.